மரண அறிவித்தலைப் பாடிய புளூஸ் நிறுவனம்

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மணி அவர்களுக்கு,

தொண்ணூறுகளின் இறுதியில் சிட்னியின் லிட்கம் பகுதியில், புளூஸ் என்னும் அமெரிக்கச் சோக இசைக்கென ஓர் இறுவட்டு (சி.டி.) நிறுவனம் இருந்தது. அது நெடுங்காலம் வாழவில்லை. அதன் பங்காளருள் ஒருவன் என்ற முறையில், நடந்ததைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதிவைப்பது என் கடமையெனக் கருதுகிறேன். நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. அதே பெயரில் குளியலறை ஓடு விற்கும் கடையொன்று மெல்பேர்ணில் இருப்பதை, பதிவுசெய்த பின்னரே அறிந்தோம். எமக்கு வந்த தொலைபேசி அழைப்புகளிற் பெரும்பாலானவை ஓடு பற்றியவை.

நான் அப்போது அட்டைப்பெட்டித் தொழிற்சாலையொன்றில் வேலை பார்த்தேன். அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய வெள்ளைக்காரர் ஒருவர், வெள்ளிக்கிழமைகளில் மதுச்சாலைகளில் கித்தார் வாசித்துப் பாடுவார். அவர் பாடும்போது சனம் தொலைக்காட்சியில் குதிரைப் பந்தயம் பார்க்கும். அவருடைய மனைவி அவரை விட்டுப் போய்விட்டார். அதைப்பற்றி அவர் ஒரு பாட்டுக் கட்டியிருந்தார். சாவதற்குள் அந்த ஒரு பாட்டையாவது ஒரு கூட்டம் முதலிலிருந்து முடிவுவரை வாய்மூடிக் கேட்கவேண்டும் என்று தேநீர் இடைவேளையில் என்னிடம் சொன்னார். வேறெதையும் அவர் ஒருபோதும் கேட்டதில்லை.

பாட்டைப் பாடியும் காட்டினார். முதலடியை ஒருமுறை சொல்லி, அழுகை போதாதென்பதுபோல் அதையே மறுபடியும் சொல்லி, மூன்றாமடியிற் காரணத்தை வைப்பது அதன் அமைப்பு. செத்தவீட்டில் எமது யாழ்ப்பாணத்துப் பெண்கள் அழும் முறையும் இதுவே. ஆகவே எமது சனம் இதை விரும்பி வாங்கும் என நான் முடிவுசெய்தேன். ஸ்ட்ராத்ஃபீல்டில் வசித்த மலேசியத் தமிழரான கணக்காளர் ஒருவரைப் பங்காளராகச் சேர்த்தேன்.

"அண்ணே, அழறதுக்கு யாருண்ணே காசு குடுப்பா?" என்று அவர் கேட்டார். கேட்டுவிட்டுக் கையெழுத்திட்டார்.

இறுவட்டு வெளிவந்தது. பலசரக்குக் கடையில் பக்திப் பாடல்களுக்குப் பக்கத்தில் வைத்தோம். வாங்கியவர் ஒருவரே; சாமிப்பாட்டென நினைத்து எடுத்த அவரும் மறுநாள் திருப்பிக் கொடுத்தார். மிகுதிப் பெட்டிகள் என் குசினியில், அடுப்புக்குப் பக்கத்திற் குடியேறின.

இந்நிலையில் எமது வீதியில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் இறைவனடி சேர்ந்தார். துக்கம் முடியும் முப்பத்தோராம் நாளில் வருவோருக்கு நினைவுமலரோடு ஏதாவதொரு பொருளும் கொடுப்பது எமது வழக்கம். கொழும்பிலிருந்து கப்பலில் வந்த சில்வர்க் கிண்ணங்கள் துறைமுகத்தில் அகப்பட்டுக்கொண்டன. வருவோர் இருக்கக் கதிரை இரவல் கேட்டு என் வீட்டுக்கு வந்த அன்னாரின் மகன், குசினியில் நின்று பெட்டிகளைப் பார்த்தார்.

"அங்கிள், இது என்ன?"

"சோகப் பாட்டு, தம்பி."

"அப்பாவின்ர பேர் வருமோ?"

"வரப்பண்ணலாம்."

பத்திரிகையில் வந்த மரண அறிவித்தலையே மகன் ஆங்கிலமாக்கிக் கொடுத்தார். பாடகர் அதை அப்படியே பாட்டாக்கினார். யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகக் கொண்டவர் என்பது முதலடி, இரண்டாமடியும் அதுவே, லிட்கத்தை வதிவிடமாகக் கொண்டவர் என்பது மூன்றாமடி. பின்னர் பதவி உயர்வுகள் வந்தன. வைத்தியர்களான மருமக்கள் இருவரின் பாசமிகு மாமனார் என்ற இடத்திற் பாடகர் நிறுத்தி, வைத்தியர்கள் மருமக்களாக வாய்த்தது எவ்வாறு துயரமாகும் என்று என்னிடம் வினவினார். அவர்களையும் விட்டல்லவா அன்னார் போய்விட்டார் என்று விளக்கினேன். அவர் கித்தாரில் ஒரு தந்தியைத் தளர்த்திவிட்டுத் தொடர்ந்தார்.

நினைவுநாளன்று பாடசாலை மண்டபமொன்றில் வந்தோருக்கு அந்தப் பாட்டின் இறுவட்டைக் கொடுத்தோம்; அவர் நேரிலும் பாடினார். ஒருவரும் அசையவில்லை. மாமனார் என்ற சொல் வந்ததும் வைத்தியர்கள் இருவரும் விம்மினர். தபாலதிபரின் மனைவி இன்னொருமுறை பாடச் சொன்னார். பிறகு வெளியே வடையும் கையுமாக நின்ற பாடகர், எவரும் இருமக்கூட இல்லையே என்று வியந்தார்.

அதன்பின் வேலை குவிந்தது. மெல்பேர்ணுக்கும் போய்வந்தோம். ஒரு குடும்பம் நாலு சரணம் கேட்டால் அடுத்த குடும்பம் ஆறு கேட்டது. கனடாவிலிருந்த மைத்துனர் ஒருவர், தம்மை விட்டுவிட்டார்கள் என்று தொலைபேசியிலே கோபித்துத் தமக்கொரு சரணம் பெற்றார். எல்லாவற்றுக்கும் ஒரே மெட்டு என்ற முறைப்பாடும் எழுந்தது. நில அளவையாளர் ஒருவர், பிள்ளைகள் பிழைவிடுவார்கள் என்றஞ்சி, தமது பாட்டை உயிரோடிருக்கும்போதே செய்வித்துக் கொண்டார். வீட்டுக்கு வருவோர்க்கெல்லாம் அதைப் போட்டுக்காட்டினார்.

"விளக்கு வைக்கிற நேரத்தில இதைப் போடாதேங்கோ" என்று அவர் மனைவி மன்றாடியதை நானே கேட்டேன்.

ஆயினும் பாடகரின் சொந்தப் பாட்டு மட்டும் எங்கும் அரங்கேறவில்லை. முடிவில் அதையும் பாடலாமா என்று ஒவ்வொரு வீட்டிலும் பணிவாகக் கேட்பார். "எங்கட அம்மா அப்பாவை விட்டிட்டுப் போகேல்லையே, அங்கிள்" என்று ஒரு மகள் மறுத்தார். அது நியாயமான மறுப்பு.

மெல்பேர்ணில் ஒரு பூங்காவில் புளூஸ் விழா நடத்தியவர்களிடம் தபாலதிபரின் பாட்டு எவ்வாறோ போய்ச் சேர்ந்தது. அதிற் பெருந்தத்துவம் உள்ளதென அவர்கள் கருதிப் பாடகரை அழைத்தனர். தபாலதிபரைப் பாடியபோது கூட்டம் எழுந்து ஆடியது. அடுத்து அவர் தம் மனைவியைப் பற்றிய பாட்டைத் தொடங்கினார். கூட்டம் பியர் விற்கும் கூடாரத்தை நோக்கிக் கலைந்தது. அவருடைய குரல் தளர்வதை நான் கேட்டேன்.

ஆனால் மேடைக்கு முன்னே எமது மெல்பேர்ண் வாடிக்கையாளர் குடும்பங்கள் சில அமர்ந்திருந்தன. இதுவும் ஒரு நினைவுநாளே என எண்ணி, வெள்ளை உடுத்து, மடக்குக் கதிரைகளுடன் வான் வண்டியில் வந்திருந்தார்கள். அவர்களுள் ஓர் அம்மையார் என் பக்கம் சாய்ந்தார்.

"தம்பி, ஆர் மோசம் போனது? ஆரின்ர செத்தவீடு?"

"ஒருத்தரும் இல்லை, அக்கா. அவரின்ர மனிசி விட்டிட்டுப் போட்டா."

"பாவம். செத்தாலெண்டாலும் முப்பத்தொண்டோட முடிஞ்சிடும். சத்தம் போடாதேங்கோ, அவர் பாடட்டும்."

அம்மையார் பின்னால் நின்று கதைத்த இளைஞர்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்களும் புல்லில் அமர்ந்துவிட்டனர். பாட்டு முடியும்வரை ஒரு சொல் எழவில்லை. முடிந்தபின் கைதட்டலும் இல்லை. துக்கத்திற்குக் கைதட்டும் வழக்கம் எம்மிடம் கிடையாது. எமது சனம் வரிசையாகப் போய் அவருடைய கைகளைப் பிடித்துவிட்டு, போட்டு வாறம் என்று விடைகூடச் சொல்லாமற் புறப்பட்டது.

தாம் ஏதும் பிழைசெய்துவிட்டோமா என்று பாடகர் கலங்கினார். செத்தவீட்டிலிருந்து சொல்லாமற் போவதே மரியாதை என்றும், அவர்கள் அவருடைய துக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்றும் விளங்கப்படுத்தினேன். அவர் மேடைப் படியில் அமர்ந்து நெடுநேரம் அழுதார். சிட்னிக்குத் திரும்பும் வழியில், இனிப் பாடவேண்டிய தேவை தமக்கில்லை என்றார். கணக்காளரும் நானும் வற்புறுத்தவில்லை. அந்த மாதமே நிறுவனத்தை மூடினோம்.

அவருடைய சொந்தப் பாட்டு அடங்கிய இறுவட்டொன்றை இத்துடன் அனுப்பியுள்ளேன். ஐயா, அம்மணி, இந்த விபரத்தைத் தயவுசெய்து உங்கள் ஆவணக் காப்பகத்திற் பத்திரமாக வைத்திருங்கள்.