கழிவில் கிடைத்த வளையல் சத்தம்

அங்கம்மாளுக்கு நான் நானூற்றைம்பது ரூபாய் கூலி பாக்கி. பதினைந்து நாள் என் தறியில் உட்கார்ந்த கூலி. அப்படி ஒரு பாக்கியே இல்லை என்று இருபத்தெட்டு வருடம் சாதித்தவனும் நான்தான்.

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். இன்று பிள்ளையார்பாளையத்தில் என் பேரில் இருபத்திரண்டு தறி ஓடுகிறது. யார் தயவும் இல்லாமல் வந்தவன் என்று கல்யாண வீடுகளில் சொல்லிக்கொள்வேன். அங்கம்மாள் அங்கே இருந்தால் எழுந்து போய்விடுவாள்.

எங்கள் தெருவில் பட்டு நூல் சுற்றிப் பிழைத்தவள் அவள். புருஷன் படுத்த படுக்கை, இரண்டு பெண்கள். தொண்ணூற்றேழில் நான் ஜரிகை வாங்க சூரத் போய் ஒரு மாதம் மாட்டிக்கொண்டேன். வீட்டில் ஒரே தறி. அதில் பெங்களூர்க்காரர் ஒருவர் கேட்டிருந்த கல்யாணச் சேலை. நெய்தவன் வேலாயுதம். கரை வேறு நிறம் என்பதால் வலப்பக்கம் உட்கார்ந்து, கரை நூல் வைத்த நாடாவை இழைக்குள் எறிய இன்னொரு ஆள் வேண்டும். அதைத்தான் கோர்வை போடுவது என்போம். தன் மச்சான் போட்டான் என்று சொல்லி வேலாயுதம் கூலியை வாங்கிப் போனான். "நான்தான்பா போட்டேன்" என்று அங்கம்மாள் வந்து நின்றாள். பொம்பளை கோர்வை போட்டாளா என்று சிரித்தேன். என் மனைவி கமலவேணியும் அவள்தான் என்றாள். பெண்ணுக்குப் பெண் பரிந்து பேசுவதாக நினைத்தேன். பிறகு எத்தனையோ முறை சேலை, பாத்திரம் என்று அனுப்பினேன். "கூலிய குடு, தானம் வேணாம்" என்று திருப்பிவிட்டாள்.

கமலவேணி போய் இரண்டு வருடம். நான் சூரத்தில் மாட்டியிருந்த அந்த மாதம் அவள் வீட்டில் பேசிப் பதிந்து அனுப்பிய கேசட்டை, கல்யாண வீடியோ எடுக்கும் ஜான்சனிடம் கொடுத்தேன். தறிச் சத்தத்தை எடுத்துவிட்டு அவள் குரலை மட்டும் போட்டுக் காட்டினான். கண் கலங்கிவிட்டது.

"கழிச்சது எங்க?" என்றேன்.

"அது வெறும் இரைச்சல், ஐயா."

"பட்டு நிறுத்துக் குடுக்கிறவன்டா நான். சேலை வந்தா கழிவையும் நிறுத்துப் பாப்பேன். போடு."

போட்டான். கமலவேணி இல்லை, தறி மட்டும். நூலை நெருக்கும் பலகை அடிக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் முன்னால், வலப்பக்கம் நாடா போகும் நேரத்துக்குச் சரியாக, கண்ணாடி வளையல் குலுங்கியது. ஒரு தடவை கூடத் தப்பவில்லை.

வேலாயுதத்தின் மச்சானுக்கு ஏது வளையல்?

பெங்களூர்க்காரருக்கு நாள் தவறாமல் போய்ச் சேர்ந்த சேலை அது. அதில்தான் எனக்குப் பேர் வந்தது, அடுத்த தறியும் வந்தது. யார் தயவும் இல்லாமல் என்று இனி எந்த வாயால் சொல்வேன்? அந்தக் கைக்குக் கும்பிடு போட வேண்டியவன் நான்.

அன்று மாலையே ஐம்பதாயிரத்தை எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் நாலைந்து பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சொல்லி, "தப்பு என்னுது, அக்கா" என்றேன்.

"மிஷினு சொன்னாத்தான் நம்புவியா, குமாரவேலு? பொண்டாட்டி சொன்னது பத்தல?"

பணத்தை நீட்டினேன்.

"இத்த வச்சிக்கினு நான் என்னா பண்றது? என் கூலி நானூத்தம்பது. எல்லாருக்கும் கேக்கறாப்பல எண்ணு."

பக்கத்துக் கடையில் சில்லறை மாற்றி வந்தேன். அவள் வலது கையை விரித்தாள். தெருவுக்கே கேட்க எண்ணிக்கொண்டே, ஐம்பது ஐம்பதாக ஒன்பது தாளையும் அந்த உள்ளங்கையில் வைத்தேன்.