வெர்னின் குரலுக்கு நான்கு ரேம்

டேரல் ஹ்ருஷ்கா காலை ஆறு ஐம்பதுக்குப் பள்ளிப் பேருந்தை எடுப்பார். எட்டே முக்காலுக்குக் கொண்டுவந்து நிறுத்துவார். மறுபடி எடுக்க வேண்டியது பிற்பகல் இரண்டரைக்கு. நடுவில் கிடைக்கும் அந்த ஐந்தே முக்கால் மணி நேரத்தில்தான் டாஃபின் என்ற சிறிய ஊருக்கு அவர் கணினிக்காரர்.

இருபத்தைந்து ஆண்டுகளில் நூற்று நாற்பது கணினிகளைத் தன் கராஜ் மேசையில் பாகம் பாகமாகப் பொருத்திக் கொடுத்திருக்கிறார். கூலி வாங்கியதில்லை. யாராவது மூஸ் மான் இறைச்சி கொடுப்பார்கள், யாராவது ஒரு தட்டு பெரோகிக் கொழுக்கட்டை. கணினி வேண்டும் என்று வந்தவரிடம் மூன்றே கேள்விகள் கேட்பார். என்ன வேலைக்கு? ஒரே நேரத்தில் எத்தனை திறந்து வைப்பீர்கள்? எத்தனை வருஷம் ஓட வேண்டும்? பதிலைக் கேட்டுக்கொண்டே பேருந்துச் சோதனைத் தாளின் பின்பக்கத்தில் முதல் வரியில் ப்ராசசரையும் இரண்டாம் வரியில் நினைவகமான ரேமையும் எழுதிவிடுவார். பெட்டி, மின்விசிறி, விளக்கு அலங்காரம் எல்லாம் அதற்குப் பிறகு.

இன்னொரு பழக்கமும் உண்டு. பொருத்தி முடித்ததும் ரேமைச் சோதிக்கும் நிரலை நான்கு சுற்று ஓடவிடுவார். முழுதாக இரண்டு நாள் பிடிக்கும். அதற்குமுன் கணினியைக் கேட்டு வந்தவர்களுக்குக் காப்பி கிடைக்கும், கணினி கிடைக்காது. அவர் கொடுத்த கணினி ஒன்றுகூட ரேம் கோளாறு என்று திரும்பி வந்ததில்லை. அது அவருக்குப் பெருமை.

நூற்று நாற்பத்தோராவது கணினி வெர்ன் பெட்ரிஷனுக்கு.

வெர்ன் ஏலக்காரர். முப்பத்துநாலு வருஷமாக அந்த வட்டாரத்துப் பண்ணை ஏலங்களில் அவருடைய குரல்தான் ஒலித்தது. அறுவடை இயந்திரம் ஒன்றைத் தொண்ணூறு நொடியில் விற்றுவிடுவார். நவம்பரில் ஓர் ஏலத்தில் அவர் சொன்ன எண் ஒன்று நாக்கில் வழுக்கியது. கூட்டம் சிரித்தது, அவரும் சிரித்தார். ஜனவரியில் வினிபெக் மருத்துவமனையில் அதற்குப் பெயர் சொன்னார்கள். நரம்பு நோய். தசைகளை ஒவ்வொன்றாகச் சாய்க்கும், இவருக்கு நாக்கிலும் தொண்டையிலும் தொடங்கியிருக்கிறது. குரல் இருக்கும்போதே ஆயிரத்தறுநூறு வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்துகொள்ளச் சொன்னார்கள். ஒரு நிரல் அவற்றை வைத்து அவருடைய குரலைக் கட்டித்தரும். பிறகு அவர் தட்டச்சு செய்வதை இயந்திரம் அந்தக் குரலில் பேசும். எவ்வளவு நாள் இருக்கிறது என்று வெர்னின் மனைவி டோரீன் கேட்டதற்கு, "இன்னிக்கே ஆரம்பிங்க" என்றார் மருத்துவர்.

வீட்டிலிருந்த பழைய கணினி அந்த நிரலைத் திறந்ததுமே உறைந்து நின்றது.

"யோவ் டேரல், உன் மூணு கேள்வியையும் கேட்டுடு," என்றார் வெர்ன், சமையலறை மேசையில் கை ஊன்றி. அப்போதும் பேச்சு தெளிவாகத்தான் இருந்தது, கொஞ்சம் மெதுவாக.

"எதுக்குன்னு தெரியும்."

"மூணாவதைக் கேளு. எத்தனை வருஷம் ஓடணும்னு."

டேரல் கேட்கவில்லை. டோரீன் எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவ ஒன்றும் இல்லை.

ப்ராசசரைத் தேர்ந்தெடுப்பது எளிதாக இருந்தது. எட்டு கோர் உள்ளது ஒன்று, பதினாறு கோர் உள்ளது ஒன்று. குரலைக் கட்டும் வேலையை எட்டு கோர் நான்கு நாளில் முடிக்கும் என்றால் பதினாறு இரண்டில் முடிக்கும். நாள்தான் இங்கே அருமை. பதினாறை எழுதினார். ரேமில்தான் சிக்கல் வந்தது. பதினாறு ஜிபி ரேம் பலகை இரண்டு கொண்ட ஒரு பெட்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டார், மொத்தம் முப்பத்திரண்டு. நிரலின் குறிப்பைப் பிறகு ஊன்றிப் படித்தால், அறுபத்துநான்கு இருந்தால் நல்லது என்றிருந்தது. வினிபெக் கடைக்கு ஃபோன் போட்டார்.

"முப்பத்திரண்டு ஜிபி பலகை ரெண்டு சேர்ந்த செட்டு ஸ்டாக் இல்ல சார். ரெண்டு வாரம் ஆகும்," என்றாள் கடைப்பெண்.

"நான் வாங்கின அதே பெட்டி இருக்கா? அதே எண்?"

"இருக்கு. ஆனா நாலு ஸ்லாட்டும் நிரப்பப் போறீங்களா? பெட்டியில போட்டிருக்கிற வேகம் வராது சார். தனித்தனியா வாங்கின செட்டைச் சேர்க்காதீங்கன்னு நாங்க எல்லார்கிட்டயும் சொல்றோம்."

"தெரியும்மா. நானும் எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்வேன்," என்றார் டேரல். "ஒண்ணு எடுத்து வை."

இரண்டு வாரம் காத்திருக்க முடியாது. அதே நிறுவனம், அதே எண், அதே கறுப்புத் தகடு. நான்கையும் பொருத்தினார். தொடக்கத் திரையில் பெட்டியில் அச்சிட்டிருந்த முழு வேகத்தை வைத்து விசையை அழுத்தினார். நான்கு பலகை போட்டு முழு வேகத்தில் முதல் தடவையே எழும்பும் கணினி அபூர்வம். இது எழும்பியது. அவருக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி.

சோதனை ஒரு சுற்று முடிந்தது. பிழை பூஜ்யம். இரண்டாவது தொடங்கும்போது டோரீன் கராஜ் வாசலில் நின்றாள், கோட்டுப் பொத்தான்கூடப் போடாமல்.

"டேரல், காலையில அவருக்கு 'ர' வரல. இன்னும் எத்தனை சுத்து?"

அவர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மின்கம்பியைப் பிடுங்கினார்.

"நல்லாத்தான் இருக்கு. எடுத்துட்டுப் போலாம்."

பிப்ரவரி முதல் வாரம் நன்றாகப் போனது. வெர்ன் ஒலிவாங்கிக்கு முன் உட்கார்ந்து வாக்கியத்தைப் படிப்பார், டோரீன் பொத்தானை அழுத்திச் சேமிப்பாள். நேரமில்லாததால் பதிந்ததைக் கேட்டுப் பார்க்கவில்லை. குளிர் மைனஸ் நாற்பத்திரண்டுக்கு இறங்கி பேருந்துகளை நிறுத்திய ஒரு நாள், டேரலும் கூட உட்கார்ந்திருந்தார். "என் அத்தைக்கு மஞ்சள் குடை பிடிக்கும்" என்று ஒரு வாக்கியம். வெர்ன் அதைப் படித்துவிட்டு, அதே மூச்சில், "மஞ்சள் குடை இருபது டாலர், இருபது, இருபத்தஞ்சு, அத்தையோட சேர்த்து நாப்பது, யாருப்பா அது பின்னால?" என்று ஏலம் போட்டார். டேரல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அழிச்சிடவா?" என்றாள் டோரீன்.

"இருக்கட்டும் விடு. செத்தப்புறம் போட்டுக் கேளு," என்றார் வெர்ன்.

இரண்டாம் வாரம்தான் பதிவுகளைக் கேட்டுப் பார்த்தார்கள். சொற்களின் நடுவே எழுத்துகள் காணாமல் போயிருந்தன. 'சனிக்கிழமை' என்பதில் நடுப்பகுதி இல்லை. ஒரு வாக்கியத்தின் வால் இல்லை. வெர்ன் மறுபடி படித்தார். சில நேரம் சரியாக வந்தது, சில நேரம் வேறோர் இடத்தில் விழுந்தது.

"நான் முழுசாத்தானே சொன்னேன்?" என்று டோரீனைக் கேட்டார்.

அவளுக்கு முழுசாகத்தான் கேட்டிருந்தது. ஆனால் முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவள். அவர் சொல்ல வருவதை அவள் மனசே நிரப்பிக்கொள்கிறதோ என்னவோ. அப்படித்தான் அவள் எண்ணினாள். எண்ணியதை அவரிடமும் சொல்லிவிட்டாள்.

அந்த வாரமே கணினி ஒருமுறை தானாக அணைந்து எழுந்தது. பெட்ரோல் நிலையத்தில் டேரலைப் பார்த்தபோது டோரீன் அதைச் சொன்னாள்.

"அப்டேட்டா இருக்கும்," என்றார் அவர். அன்று பேருந்தின் ஹீட்டர் பழுது, கை விறைத்திருந்தது. இன்னொரு நாளாக இருந்தால் வேறுமாதிரி கேட்டிருப்பார்.

எண்ணூற்றெழுபதாவது வாக்கியத்தில் வெர்ன் ஒலிவாங்கியைத் தள்ளி வைத்தார். "என் குரல் போயிடுச்சு. ஓட்டைக் குரலை வெச்சு ஓட்டை மெஷின் செய்யணுமா?" அதற்குப் பிறகு அவர் அந்த அறைக்குள் போகவில்லை. பேச்சையே குறைத்துக்கொண்டார். தொலைபேசி அடித்தால் எடுப்பதில்லை. மூன்று வாரம் அப்படிப் போனது. அந்த மூன்று வாரத்தில் நோய் சும்மா இருக்கவில்லை.

மார்ச் நடுவில் டோரீன் கூப்பிட்டாள். இருக்கிறதை மட்டுமாவது மருத்துவமனைக்கு அனுப்பலாம், ஒரு டிஸ்கில் போட்டுக் கொடு என்றாள். காலை ஓட்டம் முடிந்து ஒன்பதரைக்கு டேரல் வந்தார். வெர்ன் முன்னறையில் ஒலியை அணைத்துவிட்டுக் பனித்தரையில் கல் தள்ளும் கர்லிங் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை மட்டும் அசைத்தார்.

நகல் போய்க்கொண்டிருக்கும்போது டேரல் மஞ்சள் குடைப் பதிவைத் தேடி எடுத்து ஓடவிட்டார். "என் அத்தைக்கு மஞ்" என்று போய், ஒரு வெற்றிடம், பிறகு "பிடிக்கும்". அதைப் பதிந்தபோது அவரும் இந்த அறையில், இதே நாற்காலியில் இருந்தார். வெர்ன் அன்று ஓர் எழுத்தைக்கூட விடவில்லை. ஏலம் வந்தது, பின்னாலேயே சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பின் நடுவிலும் ஓர் ஓட்டை.

அது டேரலின் சிரிப்பு. அவர் நாக்குக்கு நோய் எதுவும் இல்லை.

மறுபடி ஓடவிட்டார். ஓட்டை அங்கேயே இருந்தது. டோரீனிடம், "ஒரு சின்ன டெஸ்ட்" என்று மட்டும் சொல்லி, அன்று கராஜில் பாதியில் நிறுத்திய ரேம் சோதனையைத் தொடங்கினார். மறுநாள் காலை ஓட்டம் முடிந்து வந்தபோது முதல் சுற்று சுத்தம். இரண்டாவது சுற்றில், இயந்திரம் நன்றாகச் சூடேறிய பிறகு, ஒரு சிவப்பு வரி. பிறகு நான்கு. பிறகு திரை முழுக்க.

கணினியைத் திறந்து ரேம் பலகைகளைக் கழற்றி, ஒவ்வொன்றாகப் போட்டு விவரம் பார்த்தார். முதல் இரண்டின் சில்லுகள் ஒரு தொழிற்சாலையில் செய்தவை, அடுத்த இரண்டு வேறொன்றில். வெளியே ஒரே எண், ஒரே தகடு. தனித்தனியே நான்கும் நல்லவைதான். நான்கையும் சேர்த்து முழு வேகத்தில் ஓட்டியதுதான் தாங்கவில்லை. சேமிக்கும்போதே குரலின் துண்டுகள் அங்கே காணாமல் போயிருக்கின்றன. இரண்டை வெளியே எடுத்தார். வேகத்தைக் குறைத்தார். இந்த முறை நான்கு சுற்றும் ஓடி முடிய இரண்டு நாள் காத்திருந்தார். பிழை பூஜ்யம். எண்ணூற்றெழுபது பதிவுகளில் இருநூற்று அறுபத்தாறு உடைந்திருந்தன. நகல் வட்டிலும் அதே உடைசல்தான். போன இடமெல்லாம் ஓட்டையும் கூடவே போயிருந்தது.

மருத்துவமனையில் கேட்டதற்கு, ஆயிரம் வாக்கியம் இருந்தால் சுமாரான ஒரு குரல் கட்டலாம் என்றார்கள். நல்லவை அறுநூற்று நான்கு. இன்னும் நானூறு வேண்டும்.

டேரல் முன்னறையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஒரு சுற்றோடு கம்பியைப் பிடுங்கியதையும் விடவில்லை.

"நான் கேட்டதாலதானே," என்றாள் டோரீன்.

"நீ கேட்ட. பிடுங்கினது நான்."

வெர்ன் அவர் பக்கம் திரும்பினார். பிறகு பேசினார். இப்போது ஒவ்வொரு சொல்லும் ஈரத்துணி போலக் கனத்து வந்தது, டேரல் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"அப்ப... நான் இல்ல."

"நீ இல்ல வெர்ன். மெஷின்."

"மூணு வாரம்," என்றார் வெர்ன். திட்டவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். டோரீன் தாங்க வந்தபோது கையை விலக்கி, தானே அந்த அறைக்குள் போனார்.

உடைந்தவற்றிலிருந்தே தொடங்கினார்கள். நாளைக்குப் பதினைந்துக்கு மேல் அவரால் முடியாது. டோரீன் பட்டியலில் முதலாவதைத் திரையில் கொண்டுவந்தாள். 'சனிக்கிழமை சந்தைக்குப் போகலாம்.' வெர்ன் மூச்சை இழுத்துப் பிடித்துப் படித்தார். அவள் சேமித்தாள், உடனே ஓடவிட்டாள்.

'சனிக்கிழமை'யின் நடுப்பகுதி இல்லை.

டோரீன் சட்டென்று டேரல் பக்கம் திரும்பினாள். "டேரல், இன்னும் மெஷின்ல ஏதோ இருக்கு. அதானே? இன்னொரு தடவை டெஸ்ட் போட்டுப் பாரேன்."

அவர் அந்தக் கோப்பைச் சரிபார்த்தார். தேவையில்லாமல் இரண்டு முறை பார்த்தார். ஆமாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. ஒரு சொல்தான், இன்னும் இரண்டு நாள் நம்பிக்கையை அது வாங்கிக் கொடுத்துவிடும். வெர்ன் சொன்னது சொன்னபடியே கோப்பில் முழுசாக இருந்தது. ஓர் இடத்திலும் உடையவில்லை.

"மெஷின் சரியா இருக்கு டோரீன்," என்றார்.

வெர்ன் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இன்னும் நெருக்கமாக இழுத்துக்கொண்டார். அடுத்தது என்பதுபோல் திரையை நோக்கி விரலை ஆட்டினார்.