சைபர் காட்டிய தொட்டி

லிங்கராஜபுரம் கிளிஃபர்டின் விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே ‘நூறு சதவீதம் சுத்தம்’ என்று அச்சடித்திருக்கும். கடல்மீன் தொட்டிகளைப் பராமரிப்பது அவர் தொழில். பக்கெட்டுகளை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வாரம் இருமுறை வைட்ஃபீல்டு போவார். அங்கே ஒரு மென்பொருள் கம்பெனியின் வரவேற்பறையில் அவர் கையால் அமைத்த எட்டடித் தொட்டி இருந்தது; மீன்களோடு உயிருள்ள பவளமும் வளரும் பவளத்தொட்டி.

பவளத்துக்குச் சத்துக் குறைந்த தண்ணீர்தான் ஒத்துவரும் என்று அவர் படித்திருந்தார். படித்ததைப் பக்தியோடு செய்தார். அடிக்கடி தண்ணீரை மாற்றினார், மீனுக்குத் தீனியைக் குறைத்தார், பாஸ்பேட் சத்தை உறிஞ்சும் துகள்களை வடிகட்டியில் போட்டார். 2005 ஆகஸ்டில் சோதனைக் குப்பியில் நைட்ரேட் சைபர், பாஸ்பேட்டும் சைபர். அன்று அவர் நடையே மாறியிருந்தது.

செப்டம்பரில் மணல்மேல் ஒரு பழுப்புக் கறை தெரிந்தது. காலையில் பார்த்தால் இருக்காது. பத்து மணிக்கு விளக்கைப் போட்டால், நாலு மணி நேரத்தில் பாறையெங்கும் மூக்குச்சளி மாதிரி தொங்கும். அதற்குள் குமிழ்கள் நிற்கும். உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டார். மறுநாள் இருமடங்காக வந்தது. பிறகு கண்ணாடியை மேயும் நத்தைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன.

“அண்ணா, இன்னிக்கி ஆறு போச்சு,” என்றாள் பாஞ்சாலி. தொம்மலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து அந்த வரவேற்பறையைப் பெருக்கித் துடைக்கிறவள். தொட்டிக் கண்ணாடியின் வெளிப்புறத்தைத் துடைப்பதும் அவள்தான். செத்த நத்தைகளை யாரும் சொல்லாமலே எண்ணிவந்தாள்.

நிர்வாக மேலாளர் ராஜேஷ்குமார் ஒரு வாஸ்து நிபுணரைக் கூட்டிவந்தார். அந்த மனிதர் திசைகாட்டியை வைத்துக்கொண்டு தொட்டியைச் சுற்றி வந்தார். தண்ணீரில் ஒரு விரலைக்கூட வைக்கவில்லை.

“ஈசான்ய மூலைத் தண்ணி சார் இது. தீட்டுப் பட்டிருக்கு. யாரோ ஆகாதவங்க கை தினமும் படுது.”

ராஜேஷ்குமாரின் பார்வை பாஞ்சாலிமேல் போய் நின்றது. “ஆயுத பூஜைக்குள்ள தெளியலைன்னா இந்தம்மாவை நிறுத்திடுவோம். அன்னிக்கு ரெண்டு மணிக்கு ஃபாரின் கிளையன்ட்ஸ் வர்றாங்க.”

பாஞ்சாலி துடைப்பத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கிளிஃபர்டுக்கு அந்த நொடியில் வந்தது கோபம் அல்ல, நிம்மதி. பழி தன்மேல் விழவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் சிக்னலில் நிற்கும்போதுதான் அந்த நிம்மதி அவருக்கே அருவருப்பாக இருந்தது.

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, வெளிநாட்டுத் தொட்டிக்காரர்கள் எழுதியதையெல்லாம் தேடிப் படித்தார். சைபர்தான் வினை. எதிர்த்து வளரக்கூடிய பச்சைப்பாசியும் நுண்ணுயிர்களும் பட்டினியில் அழிந்துவிட, ஒன்றுமில்லாத தண்ணீரில் பிழைக்கத் தெரிந்த பழுப்புப்பாசிக்கு மொத்த இடமும் கிடைத்துவிட்டது. புதுத் தண்ணீரில் வரும் தாதுக்கள் அதற்கு விருந்து; அதை மேய்கிற நத்தைகளுக்கோ அது விஷம். அதைக் கழுவக் கழுவ வளர்த்தவர் கிளிஃபர்ட்.

சொன்னால் நம்ப மாட்டார்கள். காட்ட வேண்டும். பேக்கரியில் பிஸ்கட் போட்டுவைக்கிற கண்ணாடி ஜாடிகள் இரண்டை வாங்கினார். ஒவ்வொன்றிலும் தொட்டியின் கல் ஒன்று, நத்தை ஒன்று, அதே பழுப்புச் சளி. மேலே விளக்கு. முதல் ஜாடிக்குத் தினமும் புதுத் தண்ணீர். அதை அவர் மட்டுமே தொடுவார். இரண்டாவதற்குத் தண்ணீர் மாற்றக் கூடாது. தினம் ஒரு சிட்டிகை மீன்தீனி போட வேண்டும்.

“அதை நீதான் போடணும் பாஞ்சாலி. உன் கையால.”

“என் கையாலயா? எதுனா ஆச்சுன்னா என் தலைதான்ணா உருளும்.”

“இப்ப மட்டும் என்ன, உக்காந்தா இருக்கு?”

அவள் சிரித்துவிட்டாள். பிறகு தீனி டப்பாவை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

தொட்டியிலும் கழுவுவதை நிறுத்தித் தீனியைக் கூட்டலாம் என்று அவர் கேட்டதற்கு, ராஜேஷ்குமார் தினமும் கழுவச் சொன்னார்.

ஆயுத பூஜை அன்று காலை கிளிஃபர்ட் இரண்டு ஜாடிகளையும் ராஜேஷ்குமாரின் மேசைமேல் வைத்தார். முதல் ஜாடியில் பழுப்புச் சளி கயிறாகத் தொங்கியது; நத்தை ஓடு மட்டும் அடியில் கிடந்தது. இரண்டாவதில் கல்மேல் பச்சை பூத்திருந்தது. நத்தை மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

“இதுலதான் சார் பாஞ்சாலி கை தினமும் பட்டது. தப்பு என்னோடது. சுத்தம்னு சொல்லி நான்தான் பட்டினி போட்டுட்டேன்.”

ராஜேஷ்குமார் படித்தவர். குனிந்து இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். புரிந்துவிட்டது என்று முகமே சொன்னது.

“சரிதான் கிளிஃபர்ட். ஆனா எம்.டி.கிட்ட நான் என்னன்னு சொல்றது? வாஸ்துக்காரரை வரச் சொன்னதே அவர்தான். இந்தம்மாவுக்குப் பதிலா புது ஆளும் வந்தாச்சு. நீங்க போய்த் தண்ணியை மாத்துங்க.”

அறியாமையோடு வாதாடலாம், தெரிந்தே கண்ணை மூடிக்கொள்கிறவனிடம் என்ன செய்வது? கிளிஃபர்ட் தொட்டி அலமாரியின் சாவியை மேசைமேல் வைத்தார். “வேற யாரையாவது வெச்சு மாத்திக்குங்க சார்.”

பத்து மணிக்கு வேறொருவர் புதுத் தண்ணீர் விட்டு விளக்கைப் போட்டார். தொட்டி கண்ணைப் பறித்தது. யாரோ கண்ணாடியில் குங்குமம் வைத்தார்கள். இருபது வயதுகூட இராத ஒரு பெண் புதுச் சீருடையில், கீழே சொட்டிய தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கணக்கு முடித்துப் பாஞ்சாலியை வெளியே அனுப்பப் பன்னிரண்டு ஆனது. பஸ் நிறுத்தத்தில் அவள் மடியில் இரண்டாவது ஜாடி. கிளிஃபர்ட் ஸ்கூட்டரைப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்.

“நாலு மணி நேரம்னு சொன்னீங்களே. அப்ப ரெண்டு மணிக்குத் தொங்கும், இல்லண்ணா?”

“தொங்கும்.”

பாஞ்சாலி கம்பெனியின் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப அந்தப் புதுப் பொண்ணைக் கேப்பாங்க,” என்றாள்.

பஸ் வந்தது. அவள் ஏறவில்லை.