உருகிய பெடலோடு புதுச்சேரிக்கு

வெள்ளிக்கிழமை காலை ஆறு இருபதுக்கு விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் கடலூர் வண்டி ஏறினேன். டிக்கெட் நாற்பத்தெட்டு ரூபாய். வீட்டில் கார் நிற்கிறது, ஓட்ட டிரைவரும் இருக்கிறார். ஆனாலும் முக்கியமான காரியம் என்றால் நான் பஸ்ஸில்தான் போவேன். எங்கள் ஊர் செராமிக் பேட்டையில் களிமண் கூடை தூக்கியவன் நான். பஸ்ஸில் போய்த்தான் முதல் ஆர்டர் பிடித்தேன். படிப்பு எட்டாவதோடு சரி. இன்றைக்கு இரண்டு சூளை, முப்பத்தாறு பேருக்கு வேலை. ஃபியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, டீ கப்பு என்று நம் சரக்கு போகாத ஊர் குறைவு. பீற்றிக்கொள்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

மடியில் ஒரு மஞ்சள் பை. அதில் துண்டில் சுற்றிய இரண்டு வெள்ளைக் கப்புகள். எங்கள் பேட்டைக்காரன் கல்யாணத்துக்குப் போனாலும் பையில் இரண்டு சாம்பிள் இருக்கும். அவற்றுக்கு அடியில் என் மருமகள் ரீட்டாவின் கோரஸ் பெடல். உருகிப்போனது. உருக்கியவன் நான்.

ரீட்டா மின்சாரக் கிட்டார் வாசிக்கிறவள். சர்ச் பாட்டுக் குழுவில் கற்றுக்கொண்டது. கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே வயரில் மாட்டிக் காலால் மிதிக்கிற சின்னப் பெட்டிதான் பெடல். அதில் கோரஸ் என்று ஒரு வகை. மிதித்தால் ஒரு கிட்டார் சத்தம் பல பேர் சேர்ந்து வாசிக்கிற மாதிரி அலையடிக்கும். நான்கு வருஷத்துக்கு முன் என் மகன் முரளியைக் கட்டிக்கொண்டு வந்தபோது அவள் கொண்டுவந்த சாமான் அது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நான் கீழே கட்டிலில் சாய்வேன். மேல்மாடியில் அவள் வாசிப்பாள். பொய் சொல்ல மாட்டேன், முதல் மாசம், "என்னா எரைச்சல் இது" என்று வீடு கேட்க ஒரு நாள் கத்தினேன். அப்புறம் பழகிவிட்டது. அதற்கும் அப்புறம், அது கேட்டால்தான் கண் மூடும் என்று ஆகிவிட்டது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

பன்னிரண்டு நாள் முன்னால் ஸ்கூட்டரில் வரும்போது மழை பிடித்து அவள் பை நனைந்துபோனது. பெடலைத் துடைத்து மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்திருந்தாள். வானமோ திரும்பவும் மூடிக்கொண்டு வந்தது. எங்கள் பேட்டையில் எது நனைந்தாலும் சூளை ஓரம்தான் காயும். மிளகாய், பள்ளிக்கூடச் சட்டை, செருப்பு, ஒரு தடவை ஒருத்தர் வீட்டுப் பத்திரம்கூடக் காய்ந்தது. நான் யாரையும் கேட்கவில்லை. பெடலை எடுத்துப் போய்ச் சூளைப் பக்கத்துத் தகரத்தில் வைத்தேன். அன்றைக்கு ஜாடி லோடு, சூடு கூடுதல். மறுநாள் பார்த்தால் பிளாஸ்டிக் பெட்டி வெயிலில் வைத்த வெல்லம் மாதிரி சரிந்து கிடந்தது.

ரீட்டா அழவில்லை. "பரவாயில்லைங்க மாமா, அது பழசு" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து மாடியில் சத்தம் இல்லை. குழந்தை பிறந்து இரண்டு வருஷம் கழித்து, வருகிற ஞாயிற்றுக்கிழமைதான் முதல் தடவையாக மேடை ஏறுவதாக இருந்தாள். சினேகிதி கல்யாண வரவேற்பு, எங்கள் ஊர் மண்டபத்திலேயே. "வேற ஆளப் பாத்துக்கங்கடி" என்று அவள் போனில் சொன்னது புதன்கிழமை என் காதில் விழுந்தது. முரளி செல்போனில் தேடிவிட்டு, "அந்த மாடல் இப்ப வர்றதில்லப்பா, வேற ஒண்ணு ஆர்டர் போட்டுடலாம்" என்றான். செல்போனில் தட்டிப் பார்த்து வாங்க முடியுமா? புதுச்சேரியில் இதற்கென்று ஒரு கடை இருப்பதாக விசாரித்துக்கொண்டு நானே கிளம்பிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை.

ஏழு மணி. மந்தாரக்குப்பம் தாண்டி நெய்வேலிப் புகைபோக்கிகள் தெரிந்தன. புகையின் நிறம் பார்த்து அடுப்பு எப்படி எரிகிறது என்று சொல்வேன் நான். பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மாவிடம் சொல்லவும் செய்தேன். கடலூருக்கு அவித்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, விற்கப் போகிறவர். அவருக்குப் புகையில் அக்கறை இல்லை. பையைப் பார்த்தார்.

"இன்னாண்ணே அது, சோப்பு டப்பாவா?"

கதையைச் சொன்னேன். வடலூர் வரை கேட்டார். ஒரு கை மல்லாட்டை கொடுத்தார்.

"மருமவ அழுவலையா?"

"அழுவலையே. தங்கமான பொண்ணு."

"அழுதிருந்தாலாவது அன்னைக்கே முடிஞ்சிருக்கும். நீங்க தப்புன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா?"

"அதான் புதுசு வாங்கப் போறனே."

"வாங்கிக் குடுக்கறது வேற, வாயத் தொறக்கறது வேற" என்றார். "எங்க வூட்டுக்காரரும் இப்புடித்தான். சண்ட போட்டா பொடவ வாங்கியாருவாரு. பொட்டியில எட்டு பொடவ இருக்குது. ஒரு வார்த்த கெடையாது."

எனக்குக் கோபம் வந்தது. முப்பத்தாறு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவனிடம் பேசுகிற பேச்சா? ஆனால் மல்லாட்டை நன்றாக இருந்தது. குறிஞ்சிப்பாடி வரை தின்றுகொண்டே வந்தேன்.

எட்டு ஐந்துக்குக் கடலூர். அங்கிருந்து புதுச்சேரி வண்டி, இருபத்திரண்டு ரூபாய். ஒன்பது பத்துக்கு இறங்கினேன். விருத்தாசலத்திலிருந்து எப்படியும் எண்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். கடை பத்தரைக்குத்தான் திறக்கும் என்றார்கள். ஒரு டீ, ஒரு வடை, இருபத்தைந்து ரூபாய். டீக்கடைக் கப்பைக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்த்தேன். நம் ஊர் சரக்கு இல்லை. கைப்பிடி ஒட்டின இடத்தில் மயிரிழை விரிசல். கடைக்காரரிடம் சொன்னேன். "காசு குடுத்துட்டுப் போங்க பெரியவரே" என்றார்.

நேரு வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. முதல் மாடியில் இசைக்கருவிக் கடை. கடைக்காரர் டேனியலுக்கு நாற்பது வயது இருக்கும், தலைமுடியைப் பின்னால் முடிந்திருந்தார். உருகிய பெடலை மேஜையில் வைத்ததும் துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி நின்றார்.

"இதுக்கு இன்னாங்கய்யா ஆச்சு?"

"சூளையில வெச்சிட்டேன்."

"எதுக்குங்க?"

"காயறதுக்கு."

அவர் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை நான் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டேன்.

பெடலைத் திருப்பிப் பார்த்தவர் விளக்குக்குக் கீழே கொண்டுபோனார். அதில் திருகுகிற குமிழ் இரண்டு உண்டு. அலை எவ்வளவு வேகம் என்பதற்கு ஒன்று, எவ்வளவு ஆழம் என்பதற்கு ஒன்று. பெட்டியோடு குமிழும் உருகி, கடைசியாக வைத்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

"கடிகாரமா நெனச்சிக்கங்க. வேகம் எட்டு மணியில நிக்குது, ஆழம் ஒம்பதுல" என்றார். "ரொம்பக் கம்மி. இவ்ளோ கம்மியா யாரும் வெக்க மாட்டாங்களே."

"என் மருமவளுக்கு அப்புடித்தான் புடிக்கும்" என்றேன். "நாலு வருஷமா கேக்கறேன். எனக்குத் தெரியாதா?"

முதலில் பன்னிரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய் பெடல். டேனியல் கிட்டாரை மீட்டினார். சுத்தமான சத்தம், ஆனால் மிஷினில் அழுத்தி எடுத்த கப்பு மாதிரி. ஆயிரம் எடுத்தாலும் ஆயிரமும் ஒன்றே. வேண்டாம் என்றேன். அடுத்து இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். வாசிப்பை நிறுத்தின பிறகும் அது 'உஸ்' என்றது. அதுவும் வேண்டாம். அத்தோடு, "ஒங்க ஸ்பீக்கர்ல எதோ லூசா இருக்குது, எடது பக்கம்" என்றேன்.

"போன வாரம்தாங்க பாத்தேன். ஒண்ணும் இல்ல."

"தட்டிப் பாருங்க."

தட்டினார். இடது பக்கத்துத் திருகு ஒன்று கையோடு வந்தது. அதற்குப் பிறகு அவர் என்னை 'ஐயா' என்று கூப்பிட்டதில் ஒரு தனி மரியாதை இருந்தது. வெந்த சாமானைத் தட்டிக் காதால் விரிசல் கண்டுபிடிக்கிற வேலையை நாற்பத்தைந்து வருஷம் செய்திருக்கிறேன். நல்லது 'ணிங்' என்னும், விரிந்தது 'டொக்' என்னும். அதற்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் கிடையாது.

"ஒங்களுக்கு எந்த மாதிரி வேணும்னு சொல்லுங்கய்யா" என்றார்.

சொல்லத் தெரிந்தால்தானே? பையிலிருந்து கப்பு இரண்டையும் எடுத்தேன். ஒரே அச்சு, ஒரே சூளை, ஒரே நாள். ஆனால் ஒன்று தீக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருந்திருக்கும், ஒன்று தள்ளி. என் உள்ளங்கை ஒவ்வொன்றிலும் ஒன்றை வைத்துக்கொண்டு, விளிம்பை நகத்தால் சுண்டச் சொன்னேன். ஒன்றை மட்டும் சுண்டினால் நேராக ஓடுகிற சத்தம். இரண்டையும் சேர்த்துச் சுண்டினால் நடுவே ஓர் அலை எழும்பும். போகும், வரும், போகும், வரும்.

டேனியல் குனிந்து காதை வைத்தார். இன்னொரு தடவை சுண்டினார். சுருதி பார்க்கிற சின்ன மிஷினை எடுத்துவந்து வைத்துப் பார்த்தார்.

"ஒண்ணுக்கொண்ணு ஒரு இழை வித்தியாசம். இதாங்கய்யா கோரஸ்" என்றார். "கிட்டார் சத்தத்த ரெண்டாக்கி, ஒண்ணக் கொஞ்சம் பின்னால விட்டு, லேசா ஆட்டுது இந்தப் பொட்டி. ஒங்க ஊருல இத மண்ணுலயே செஞ்சிருக்கீங்க."

உள்ளே போய் ஒரு நீலப் பெட்டி கொண்டுவந்தார். ஆறாயிரத்து நானூறு. இரும்பு உடம்பு. "இத எங்க வெச்சாலும் உருகாது. இருந்தாலும் சூளையில வெக்காதீங்க" என்றார். குமிழை எட்டிலும் ஒன்பதிலும் வைத்து வாசித்தார். ஒத்துவரவில்லை. சூடு காட்டும் முள் ஒரே இடத்தில் நின்றாலும் இரண்டு சூளை ஒரே மாதிரி வேகாது, எனக்கு அது புதிதில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். "கொஞ்சம் கீழ… ஆழத்த எறக்கு… இன்னும் ஒரு மயிரளவு…" மத்தியான வெளிச்சமும் கட்டில் கயிறும் வந்து சேர்ந்தன. "நிறுத்து, அதேதான்" என்று நான் கத்தியதில் கீழே சந்தில் போன ஒருவர் நிமிர்ந்து பார்த்தாராம்.

கப்பில் அடையாளம் போடுகிற பென்சிலால் இரண்டு குமிழ் ஓரத்திலும் கோடு போட்டேன். ஆறாயிரத்துக்கு முடித்தார். கப்பு இரண்டையும் அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒன்றரைக்குப் புறப்பட்டு, ஐந்தேகாலுக்கு விருத்தாசலம். வடலூர் தாண்டினதிலிருந்து வாய்க்குள் ஒரு வாக்கியத்தை வைத்து உருட்டிக்கொண்டு வந்தேன். ஆர்டர் பிடிக்கப் போகும்போதுகூட இப்படி ஒத்திகை பார்த்ததில்லை.

வீட்டில் மாடிக்குப் பதினான்கு படி. வீடு கட்டினவன் நான், குடிபோன பிறகு அந்த அறைக்குள் போனதே இல்லை. ரீட்டா துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்தாள்.

"கீழ இருந்தே கூப்புட்டிருக்கலாமே மாமா?"

பெட்டியை நீட்டினேன். பிரித்தவள் என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள். "புதுச்சேரியா போயிருந்தீங்க?" என்றாள். வயரை மாட்டி, காலால் மிதித்து, மெதுவாக ஒரு தடவை மீட்டினாள்.

"மாமா! அப்புடியே இருக்குது! எப்புடி?"

"என் காது அப்புடி" என்றேன். "கோடு போட்டிருக்கேன் பாரு. அது ஒன் அளவு. மாத்தாத."

அவள் கோட்டைப் பார்த்தாள்.

"இது என் அளவு இல்ல மாமா. வூட்டுக்கு வெச்ச அளவு. நீங்க ஒரு நாளு எரைச்சல்னு சொன்னீங்கல்ல, அன்னைக்குக் கொறச்சது. கீழ ஒங்க தூக்கம் கெடக் கூடாதுன்னு."

ஸ்பீக்கரில் திருகு லூஸ் என்று கண்டுபிடித்த காது என்னுடையது. என் தலைக்கு மேலே நான்கு வருஷமாக ஒருத்தி தன்னைக் குறைத்து வாசிப்பது அதற்குக் கேட்கவில்லை. எண்பது கிலோமீட்டர் போய் நான் வாங்கி வந்தது, அன்றைக்கு நான் போட்ட சத்தத்தைத்தான்.

வடலூரிலிருந்து உருட்டின வாக்கியம் மறந்துபோயிற்று. வந்ததைச் சொன்னேன். "பெடல ஒன்னக் கேக்காம எடுத்தது தப்பும்மா. அன்னைக்குக் கத்துனதும் தப்பு."

"ஐயோ, என்னங்க மாமா…" என்றாள். பன்னிரண்டு நாளாக வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பேட்டையில் யாரோ சூளை பற்றவைத்திருந்தார்கள். புகை நல்ல நிறம்.

இன்னும் சூளைக்குப் போகாத பச்சைக் கப்பில் போட்ட பென்சில் கோட்டை, பூச்சு கொடுக்கும் முன் எச்சில் தொட்டு அழிப்போம். அதே மாதிரி குனிந்து, பெடலில் போட்ட இரண்டு கோட்டையும் கட்டைவிரலால் அழித்தேன்.

"மேடையில எவ்ளோ வெப்பியோ அவ்ளோ வெய்யி."

"சத்தமா இருக்கும் மாமா."

"வெய்யிம்மா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு குமிழையும் திருகினாள். ஸ்பீக்கரையும் ஏற்றினாள். மீட்டினாள். நூறு கப்பை ஒன்றாகச் சுண்டின மாதிரி அறை முழுக்க அலை எழும்பி, தரை வழியாக என் பாதத்துக்கு வந்தது. அடுத்த நிமிஷம் கீழேயிருந்து என் மனைவியின் குரல்.

"என்னாங்க, ஷெல்புல கப்பெல்லாம் ஆடுது! ஒடஞ்சிடப் போவுது!"

"ஆடட்டும்" என்று மாடியிலிருந்து கத்தினேன். "நம்ம கப்புதான, ஒடையாது."