பரிசு அண்டாவில் அவித்த நெல்

ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்கள் ஊர்த் திடலில் சடுகுடுப் போட்டி நடக்கிறது. மைக்கைப் பிடிக்கிறவர் என் வீட்டுக்காரரைப் பற்றிப் பேசாமல் விடுவதில்லை. பாகூர்ச் சுற்றுவட்டாரத்தையே ஆட்டிவைத்த ஆட்டக்காரர், கால் போனபின் வறுமையில் வாடிச் செத்தார் என்பார். கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். நான் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். அவரோடு குடித்தனம் நடத்தியவள் நான்.

எனக்குக் கல்யாணமான வருஷம்தான் பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கியது. எல்லையில் இருந்த சுங்கச் சாவடிகளையும் எடுத்தார்கள். அதற்கு முன் எங்கள் ஆட்கள் கடலூர்ப் பக்கம் போய் ஆடி ஒரு பித்தளைக் குடம் ஜெயித்தாலும், சாவடிக்காரன் கண்ணில் படாமல் வரப்பு வழியாகத்தான் கொண்டுவர வேண்டும். சாவடி போனதும் என் வீட்டுக்காரருக்குக் கட்டை அவிழ்த்துவிட்ட மாதிரி ஆயிற்று. பண்ருட்டி, நெல்லிக்குப்பம் என்று வாராவாரம் ஆட்டம்.

கரும்பு வெட்டுகிற கூலி அவர். ஆள் உயரமில்லை, மார்பு மட்டும் அகலம். கரையாம்புத்தூரில் ஒரு தடவை நானே பார்த்தேன். பாடிக்கொண்டு உள்ளே போனவரை நாலு பேர் சேர்ந்து அமுக்கிவிட்டார்கள். அவர் முகம் மண்ணுக்குள் இருந்தது. கூட்டம் அடங்கிப்போனது. அந்த அமைதியில் "சடுகுடு சடுகுடு" என்று மெல்லக் கேட்டுக்கொண்டே இருந்தது. நாலு பேரையும் முதுகில் சுமந்தபடி ஊர்ந்துவந்து விரலால் கோட்டைத் தொட்டார். பக்கத்தில் நின்ற பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனியவில்லை.

அவர் ஜெயித்ததெல்லாம் பாத்திரம்தான். குடம், தவலை, ஆள் உட்காரலாம் போல ஒரு பெரிய அண்டா. கூரை வீட்டுப் பரண் முழுக்கப் பித்தளை. மாசத்துக்கு ஒருமுறை புளி போட்டு அவரே தேய்த்து வைப்பார். எங்கள் ஊர் ஆட்டக்காரர்களைச் சேர்த்துச் செட்டு நடத்திய பண்ணைக்காரர் வண்டி கொடுப்பார், ஆட்டத்தன்று சாப்பாடு போடுவார். அதற்காக ஒவ்வொரு பாத்திரத்திலும் தன் பெயரை வெட்டிக்கொண்டார். பாத்திரம் என்னவோ எங்கள் வீட்டில்தான் இருந்தது.

ஒரு மாசி மாதம், சுத்துக்கேணியில் ஆடும்போது அவர் முட்டி பிசகியது. கட்டுமேல் கட்டுப் போட்டும் கால் மடங்கவில்லை. கரும்பு வெட்டவும் முடியாது, ஆடவும் முடியாது. பண்ணையிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்து விசாரித்தான். அப்புறம் வரவில்லை. அந்த வருஷமே புது ஆட்டக்காரன் ஒருவனைப் பிடித்துவிட்டார்கள்.

கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நான் பரணையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அண்டாவை இறக்கினேன்.

"அது பரிசுடி. அத்தப் போயி அடுப்புல ஏத்துவியா?" என்றார்.

"சோறு இல்லாத வூட்டுல பரிசு இன்னாத்துக்கு?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் கொல்லையில் அடுப்புத் தோண்டி, அக்கம்பக்கத்து விவசாயிகளிடம் நெல் வாங்கிவந்து ஊறவைத்து அவித்துக் கொடுக்க ஆரம்பித்தேன். கூலியாக அரிசி கிடைத்தது. கரும்பின் காய்ந்த இலைச் சோகை எரித்த புகையில் அண்டா கன்னங்கரேலென்று ஆனது. அவர் அடுப்புப் பக்கமே வரவில்லை.

அண்டா கறுத்த சேதி பண்ணைக்காரர் காதுக்கும் போயிற்று. ஊரைப் பார்க்கப் புது அதிகாரிகள் வருகிறார்கள், பரிசுகளைத் தன் கூடத்தில் அடுக்கிவைக்க வேண்டும் என்று இரண்டு ஆட்களோடு அவரே வந்துவிட்டார். அடுப்பில் நெல் கொதித்துக்கொண்டிருந்தது.

"இன்னா பொண்ணு இது? எம் பேரு வெட்டுன அண்டாவ இப்பிடிக் கரியாக்கி வச்சிருக்க. நெல்லக் கொட்டிட்டு எடுத்துக் குடு."

"பேரு உங்குளுதுதாங்க ஐயா. ஆடுனது அவரு. நெல்லு வெந்துகினு இருக்குது, எடுக்க முடியாது. வேணும்னா உங்க ஆளுங்கள வெறுங்கையால தூக்கிக்கினு போவச் சொல்லுங்க."

ஆட்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பண்ணைக்காரர் என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரிடம் திரும்பினார். "இன்னாடா, பொம்பளையப் பேசவுட்டு வேடிக்க பாக்குற?"

என் வீட்டுக்காரர் கம்பை ஊன்றி எழுந்தார். என்ன செய்யப்போகிறாரோ என்று பார்த்தேன். அடுப்புக்கு வந்தார். மடங்காத காலை நீட்டி உட்கார்ந்தார். ஒரு கத்தைச் சோகையை எடுத்து அடுப்புக்குள் தள்ளினார். தீ குப்பென்று ஏறியது.

"எம் பொண்டாட்டி சொல்றதுதாங்க," என்றார்.

பண்ணைக்காரர் வெறுங்கையோடு திரும்பினார். அதற்குப் பிறகு தன் குத்தகைக்காரர்கள் யாரும் எனக்கு நெல் தரக்கூடாது என்று சொல்லிவிட்டார். நான் கரையாம்புத்தூருக்கு நடந்தேன். அவர் மண்ணில் ஊர்ந்துவந்து கோட்டைத் தொட்டதை அங்கே யாரும் மறக்கவில்லை. அடுத்த வாரமே நெல் மூட்டைகளோடு ஒரு வண்டி எங்கள் கொல்லையில் வந்து நின்றது. அவர் தீயைப் பார்த்துக்கொள்வார், நான் நெல்லைக் காயப்போடுவேன். தவலைகளும் ஒவ்வொன்றாக அடுப்புக்கு வந்தன. கூரையைப் பிரித்து ஓடு போட்டோம். கறவை மாடு வாங்கினோம். பிள்ளை பள்ளிக்கூடம் போனான். இதைத்தான் வறுமை என்கிறார்கள்.

பக்கத்து ஊர்க்காரர்கள் அவரை நடுவராகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒருமுறை வில்லியனூரில், பண்ணைக்காரர் செட்டு ஆடிய ஆட்டத்துக்கே அவர் விசில் பிடித்தார். ஆட்டம் முடியப்போகிற நேரம், பாடிப்போன அந்தப் புது ஆட்டக்காரன் நடுவில் மூச்சு விட்டுவிட்டான். மற்றவர்கள் காதில் விழவில்லை. இவர் காதில் விழுந்தது. விசில் ஊதிவிட்டார்.

பண்ணைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தார். "யார் சோத்தத் தின்னு ஆடுனவன்டா நீ?"

"இப்ப நான் திங்கிறது எங்க வூட்டு சோறு ஐயா. பாட்டு அறுந்துபோச்சி. அவுட்டுன்னா அவுட்டுதான்."

கூட்டம் சலசலத்தது. இவர் கம்பை நடுக்கோட்டில் ஊன்றிக்கொண்டு, அந்த ஆட்டக்காரன் வெளியே போகிற வரைக்கும் அங்கேயே நின்றார்.