சூனியக்காரி விரலும் சஷ்டி விரதமும்

பூசணி மூடி கருகுகிற மணம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. போன கிழமை வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது, எங்கள் கட்டடத்துப் படியில் யாரோ பிள்ளைகள் ஒரு பூசணிக்குக் கண், மூக்கு, பல் எல்லாம் வெட்டி, உள்ளே மெழுகுதிரி கொளுத்தி வைத்திருந்தார்கள். மூடி மெல்லக் கருகிக்கொண்டிருந்தது. பாதி கறி மணம், பாதி மெழுகு மணம். நான் சுவிஸில் இந்த ஆராவ் நகருக்கு வந்த முதல் வருடம், ஒரு தோட்டக்காரர் வாசலில் இந்தப் பூசணிகள் மலையாகக் கிடந்ததைப் பார்த்து, பால் விட்டுக் கறி வைத்தால் எத்தனை பேருக்குக் காணும் என்று யோசித்தவன். இதற்குப் பல் வெட்டுவார்கள் என்று யார் கண்டது? நாங்கள் வாசலில் பூசணியை உடைப்பது பேயைத் துரத்த. இவர்கள் வெட்டி வைப்பது பேயைக் கூப்பிட. எப்படியோ, பூசணிக்கும் பேய்க்கும் எந்த நாட்டிலும் ஒரு சொந்தம் இருக்கத்தான் செய்கிறது.

அந்தப் படியில் நின்றபடியே கைபேசியைப் பார்த்தால் மகளின் குரல் கிடந்தது. “அப்பா, சனிக்கிழமை மீரான்ரை சிநேகிதப் பிள்ளையள் வருகினம். அந்தப் பேய் விரல் செய்து கொண்டு வாறீங்களோ? மிளகாய் மட்டும் போடாதேங்கோ.”

மீரா என் பேத்தி. ஐந்து வயது. சூரிச்சில், ஓர்லிகோனில் இருக்கிறாள். ‘மிளகாய் மட்டும் போடாதேங்கோ’ என்றதும் எனக்குப் படியிலேயே சிரிப்பு வந்துவிட்டது. மேல் வீட்டுப் பெண் என்னைத் தாண்டிப் போனவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். இருங்கள், ஏன் சிரித்தேன் என்று சொல்கிறேன்.

இருபது வருடத்துக்கு மேல் இருக்கும், இந்த மகள் சாம்பவிக்கு அப்போது பத்து வயது, நாலாம் வகுப்பு. நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில் உதவியாள். படிப்பு பெரிதாக இல்லை, ஆனால் கைவேலை வரும். சாம்பவி வகுப்புப் பிள்ளைகள் எல்லார் வீட்டுக்கும் போவாள், ஒருவரையும் எங்கள் வீட்டுக்குக் கூப்பிட மாட்டாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. அவளுடைய குளிர் ஜாக்கெட்டே சொல்லிவிட்டது. பள்ளியால் வந்ததும் அதைக் கழற்றிப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, முடிச்சுப் போட்டு, அலுமாரிக்குள் வைத்துவிடுவாள். தாளிக்கிற மணம் ஏறக்கூடாதாம். ஒவ்வொரு நாளும் அந்த முடிச்சைப் பார்ப்பேன். பார்த்துவிட்டு வெங்காயம் வெட்டுவேன்.

என்னிலும் பிழை இருக்கிறது. இங்கே குளிர் தொடங்கும் காலத்தில் பிள்ளைகள் ஒரு வெள்ளைக் கிழங்கைக் குடைந்து விளக்காக்கி ஊர்வலம் போவார்கள். குடைவதற்குத் தாய் தகப்பன்மாரையும் பள்ளிக்குக் கூப்பிடுவார்கள். ஒருமுறை நான் போய் நட்சத்திரம், மயில் எல்லாம் வெட்டி நல்ல பெயர் எடுத்தேன். அதோடு நின்றிருக்கலாம். குடைந்த கிழங்குத் தூளை எல்லா மேசையிலிருந்தும் வழித்து ஒரு பையில் கட்டி, தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்யலாம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வழி முழுக்கச் சாம்பவி என்னோடு கதைக்கவில்லை. வறை என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

அப்படிப்பட்ட பிள்ளை ஒரு நாள் வந்து, “அப்பா, புதன்கிழமை ஏழு பேர் வருகினம்” என்றாள். புதன் என்றால் பள்ளி அரைநாள். பின்னேரம் இரண்டு மணிக்கு ஹாலோவீன் விருந்து. எனக்கு நெஞ்சுக்குள் மேளம் அடித்தது. சந்தோசத்தில் அல்ல என்று சொல்ல மாட்டேன், பயமும் இருந்தது. ஏழு பேரும் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு போனால், இந்தப் பிள்ளை இனி ஒருநாளும் கதவைத் திறக்காது.

கையில் ஒரு பத்திரிகைப் பக்கத்தை வெட்டி வைத்திருந்தாள். மாத்துண்டு சுற்றிய சொசேஜ்கள், சுடலையிலிருந்து எழும்பி வந்த பிணம் மாதிரி. அவித்த முட்டையில் கண். ஈரலில் இன்னும் ஏதோ. அந்தப் புதனோ கந்தசஷ்டி நாலாம் நாள். ஆறு நாளும் எங்கள் வீட்டுக்குள் மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் முட்டையும் வராது. எனக்குப் பகலில் தண்ணீர் மட்டும், மாலைப் பூசை முடிய பாலும் பழமும்.

“பிள்ளை, சஷ்டியிலை வீட்டுக்கை சொசேஜோ?”

அவள் உதடு துடித்தது. “அப்ப வரவேண்டாம் எண்டு எல்லாருக்கும் சொல்லுறன்.”

“பொறு, பொறு. பேய் எண்டால் மரக்கறி சாப்பிடாதோ?”

அழ வந்த பிள்ளைக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. முருகா, வாய் விட்டுவிட்டேன், இனி நீதான் வழிகாட்டவேண்டும் என்று படத்தைப் பார்த்தேன்.

மறுநாள் சமையலறைக்குப் பொறுப்பான பெரியவரிடம் லீவு கேட்டேன். கண்டிப்பான மனுசன். “என்னத்துக்கு?” என்றார். எனக்கிருந்த ஜெர்மனில் “வீட்டுக்குப் பேய்கள் வருகின்றன” என்று சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தார். “எத்தனை?” “ஏழு.” “அப்படியென்றால் முழுநாளும் எடு.”

புதன் காலை நாலரைக்கே எழும்பித் தோய்ந்து, பூசை முடித்து, அடுப்படிக்குள் இறங்கினேன். அந்தக் காலையை இப்போது நினைத்தாலும் கை பரபரக்கிறது. குரக்கன் புட்டு அவித்துத் தட்டத்தில் பரப்பினால் அசல் மண். அதில் பிஸ்கட்டுகளைக் குத்தி நிறுத்தினேன், கல்லறை. பீட்ரூட் சாற்றில் மாவைக் குழைத்து இடியப்பம் பிழிந்தேன், குடல். டின் லைச்சிப் பழத்துக்குள் கறுப்புத் திராட்சையைத் திணித்தால் முழிக்கிற கண். பிறகு ராசவள்ளிக் கிழங்கு. நிறம் போடத் தேவையே இல்லாத கிழங்கு அது. அவித்து மசித்து, தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டுக் காய்ச்சிப் பெரிய சட்டியில் ஆறவிட்டேன். ஊதா நிறத்தில் தடித்துப்போய், நடுவில் ‘பொளக்’ என்று ஒரு குமிழி. அதுதான் சூனியக்காரியின் சதுப்பு.

வேலைக்கு வெளிக்கிட்ட என் மனைவி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை.

“என்னப்பா, விரதத்திலை வீட்டுக்கை சுடலை கட்டி வைச்சிருக்கிறியள்?”

“சிவபெருமான் எங்கையப்பா ஆடுறவர்? சுடலையிலைதானே.”

“அவர் ஆடிப்போட்டுப் போயிடுவார். கழுவுறது நான்தானே.”

கடைசியில் விரல்கள். அவித்த கோதுமை மாவும் உழுத்தம் மாவும், சீரகம், உப்பு, இடித்த செத்தல் மிளகாய். விரல் நீளத்துக்கு உருட்டி, கத்தி முதுகால் மூட்டுக்கு மூன்று கோடு, நுனியில் நகமாக ஒரு பாதாம் பருப்பு. முதலில் நாலைந்தைப் பொரித்து எடுக்க, சொல்லக்கூடாது, எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

இங்கேதான் சிக்கல். விரதக்காரன் ருசி பார்க்கக்கூடாது. மத்தியானம் பள்ளியால் வந்த சாம்பவியைத் தூக்கி அடுப்புக்குப் பக்கத்து மேடையில் இருத்தினேன். “இண்டைக்கு நீதான் அப்பான்ரை நாக்கு.” அவள் காலை ஆட்டிக்கொண்டு, டாக்டர் மாதிரி நெற்றியைச் சுருக்கி, ஒவ்வொன்றாகக் கடித்தாள்.

“உப்பு?”

“காணும்.”

“உறைப்பு?”

“உறைப்பே இல்லை அப்பா. பால் மாதிரிக் கிடக்கு.”

நான் யோசித்தேன். இது ஆராவ் ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளை. பள்ளிச் சுற்றுலாவில் உருக்கின சீஸ் தின்கிற பிள்ளை. இதற்கே உறைக்கவில்லையென்றால் மற்றப் பிள்ளைகளுக்கு என்ன உறைக்கப்போகிறது?

“இன்னும் கொஞ்சம் போடட்டோ?”

“போடுங்கோ. இப்பிடியெண்டால் பேய்க்கே பயம் வராது.”

போட்டேன். மிச்ச மாவில் குவித்து ஒரு கரண்டி.

விரத நாளில் சமைத்ததைச் சுவாமிக்குப் படைக்காமல் பரிமாறுவதில்லை. கை தன் பழக்கத்தில் ஒரு சின்னத் தட்டை எடுத்து வைத்துவிட்டது. சாம்பவி சுவாமி அறைக்குள் போய் அலறினாள். “அப்பா! முருகனுக்கு விரலும் கண்ணும் படைச்சிருக்கிறீங்கள்!”

“அவர் சூரன்ரை ஆனைத்தலையையும் சிங்கத்தலையையும் கண்டவர். இதுக்குப் பயப்பிடமாட்டார்” என்றேன். ஆனாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

நம் ஆட்கள் இரண்டு மணி என்றால் நாலுக்கு வருவார்கள். இவர்கள் இரண்டென்றால் இரண்டு. நான் இன்னும் எண்ணெய்க் கையோடு நிற்க, மணி அடித்தது. சாம்பவி எல்லா யன்னல்களையும் திறந்துவிட்டிருந்தாள், வீடு குளிரில் விறைத்தது. ஏழு பேர், முகத்தில் மாவும் கரியும். முன்னால் நின்ற லேயா என்ற பிள்ளை உள்ளே கால் வைத்ததும் மூக்கை உயர்த்தி மணந்தாள்.

“இது என்ன மணம்?”

சாம்பவியின் முகத்தைப் பார்த்தேன். முருகா, இந்த ஒரு நிமிடத்தைத் தாண்டித் தா என்று கேட்டேன். அவள் ஒரு மூச்சு எடுத்தாள்.

“இப்பதான் ஒரு சூனியக்காரியைப் பொரிச்சனாங்கள்” என்றாள், அவர்களுடைய சுவிஸ் ஜெர்மனில்.

ஏழு பேரும் கூரை அதிரக் கத்தினார்கள். மேசையைக் கண்டதும் “க்ரூசிக்! க்ரூசிக்!” என்று இன்னும் கத்தினார்கள். அருவருப்பு என்று பொருள். அன்றைக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. லைச்சிக் கண்கள் உருண்டன, கல்லறைகள் சரிந்தன. ஊதாச் சதுப்பை மட்டும் ஒருவரும் தொடவில்லை. அதற்கு உண்மையாகவே பயந்தார்கள். பிறகு யானிக் என்ற பெடியன் ஒரு விரலை எடுத்துக் கடித்தான். எல்லாரும் எடுத்தார்கள்.

முதலில் யானிக்கின் காது சிவந்தது. பிறகு கழுத்து. லேயாவின் கண்ணில் தண்ணீர் கொட்டி, பூசிய கரி கோடு கோடாக இறங்கியது. “ஷார்ஃப்! ஷார்ஃப்!” என்று வாயை விசிறிக்கொண்டு குழாயடிக்கு ஓடினார்கள். உறைப்புக்குத் தண்ணீர் குடித்தால் இன்னும் எரியும் என்று இவர்களுக்கு யார் சொல்வது? என் ஜெர்மன் எல்லாம் எங்கோ பறந்துபோய் மூன்று சொல்தான் மிஞ்சியது. “வாசர் நைன்! சும்ப்ஃப்! சும்ப்ஃப்!” தண்ணீர் வேண்டாம், சதுப்பு, சதுப்பு என்று சட்டியைக் காட்டிக் குதித்தேன். விபூதி பூசிய ஒரு மனுசன் கரண்டியோடு குதிப்பதை அவர்கள் முன்பின் கண்டிருக்க மாட்டார்கள். ஏழு கரண்டி கொடுத்தேன். ஒரே பாய்ச்சல். தேங்காய்ப்பாலும் சீனியும் வாயில் பட்டதும் முகங்கள் ஆறிக்கொண்டு வந்தன.

சாம்பவி வெளிறிப்போய் நின்றாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவள் மெல்ல ஒரு விரலை எடுத்தாள். கடித்தாள். “இதிலை என்ன உறைப்பு?” என்றாள். இரண்டாவது. மூன்றாவது. ஏழு பேரும் வாயில் கரண்டியோடு அவளையே பார்த்தார்கள்.

“உனக்கு எரியவில்லையா?”

“இல்லையே.”

“இவள் நிஜமான சூனியக்காரி” என்றான் யானிக், அவ்வளவு மரியாதையோடு.

அதற்குப் பிறகு போட்டி. ஒரு கடி விரல், ஒரு கரண்டி சதுப்பு. அழுவதும் சிரிப்பதும் ஒரே முகத்தில். ஐந்து மணிக்குத் தாய்மார் கூட்டிப்போக வந்தபோது ஒரு விரலும் இல்லை, சட்டியை வழித்து நக்கியிருந்தார்கள். லேயா படியில் இறங்கியபடி திரும்பி, “அடுத்த வருடமும் எரியவேண்டும்!” என்று கத்தினாள்.

மறுநாள் காலையில் பார்த்தேன். சாம்பவியின் ஜாக்கெட் அலுமாரிக்குள் இல்லை. வாசல் கொளுக்கியில், என் ஜாக்கெட்டுக்குப் பக்கத்தில் தொங்கியது. முந்தின நாள் எண்ணெய் மணம் அதில் நன்றாகவே ஏறியிருந்தது. அவள் அதைப் போட்டுக்கொண்டு போனாள். நான் சுவாமி அறைக்குப் போய் விளக்கைக் கொளுத்தினேன்.

அடுத்த வருடம் சஷ்டி தள்ளி வந்தது. அதே அளவில் செய்த பேய் விரலை நானும் தின்று பார்த்தேன். பிள்ளை சொன்னது சரி. உறைப்பே இல்லை, பால்.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன். இந்த வருடமும் சஷ்டிக்குள்தான் விழுந்தது, அதுவும் அதே நாலாம் நாள். மீராவின் கூட்டத்துக்கு மிளகாய் போடாத விரல்கள். சாம்பவிக்கென்று பழைய அளவில், அதே குவித்த கரண்டியோடு, இருபது விரல் தனியாகப் பொரித்தேன். பாதியை அவளுக்குக் கட்டி, மீதியை விரதம் முடிக்கிற பாறணை முடிய நான் தின்னலாம் என்று மூடி வைத்தேன். ரயிலில் மடியில் சதுப்புச் சட்டி, பெட்டிக்குள் விரல்கள். எதிரே இருந்தவர் பெட்டியின் கண்ணாடி மூடியைப் பார்த்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இடம் மாறி இருந்தார்.

ஓர்லிகோனில் அவளுடைய அடுப்படி பளபளவென்று இருக்கும். ஏறி இருக்க மனம் வராத மேடை. “உப்புப் பார் பிள்ளை” என்று ஒரு விரலை நீட்டினேன். முப்பது வயது தாண்டிய என் நாக்கு அதைக் கடித்தது.

“அப்பா! என்ன இது, உறைக்குது!”

இருமல். கண்ணில் தண்ணீர். குழாயடிக்கு ஓடினாள். அந்தக் கதையை நூறு தரம் என்னிடம் கேட்டிருக்கிற மீரா, கதிரையில் ஏறி நின்று கைதட்டிக் கத்தினாள். “அம்மா, வாசர் நைன்! சும்ப்ஃப்! சும்ப்ஃப்!” நான் சிரித்த சிரிப்பில் விரதக் களை எல்லாம் போய்விட்டது. “சுவிஸ்காரி ஆகீட்டாய் பிள்ளை” என்று அவளைப் பழித்தேன். அவள் சதுப்பை வழித்துக்கொண்டே, “நீங்கள்தான் மிளகாயைக் கொட்டீட்டீங்கள்” என்றாள். இல்லை. அளவு அதே அளவு.

பழைய வீட்டை எப்போதோ இடித்துவிட்டார்கள். அவள் இருந்து கால் ஆட்டிய மேடையும் அதோடு போயிற்று. லேயாவும் யானிக்கும் எங்கே என்று அவளுக்கே தெரியாது. கடைகளில் இப்போது ஜெலியில் செய்த விரல் பையில் விற்கிறார்கள், மரவள்ளிக் கிழங்குக்கு உள்ள ருசிகூட அதற்கு இல்லை. ஆனால் எல்லாம் போனாலும் நாக்கு இருக்கிறதே, யாழ்ப்பாணத்து நாக்கு, அது என்னிடமாவது மிஞ்சும் என்று நினைத்திருந்தேன்.

சூரன்போர் முடிந்து மறுநாள் பாறணை. சோறும் கறியும் தின்று, தெம்பாக இருந்துகொண்டு, மூடி வைத்த தட்டைத் திறந்தேன். பத்து விரல். மகளை நினைத்துச் சிரித்தபடியே ஒன்றைக் கடித்தேன். இரண்டு தரம் மென்றேன். முதலில் காது சூடாகியது. பிறகு கழுத்து.

சதுப்பு ஒரு கரண்டிகூட மிச்சம் இல்லை, ஓர்லிகோனில் பிள்ளைகள் முடித்துவிட்டார்கள். தண்ணீர் குடித்தால் இன்னும் எரியும் என்று தெரிந்துகொண்டே குழாயடிக்கு ஓடினேன்.