கஸ்தூரி அக்காவின் பாதி வீடு

காலை ஷிஃப்டுக்காகப் படப்பையில் கம்பெனி பஸ் ஏறும்போது கஸ்தூரி அக்காவின் தம்பி மனைவி மேகலா போன் செய்தாள். "அண்ணி பூட்டாங்க" என்றாள். புற்றுநோய் என்று தெரிந்த நாள் முதல் எதிர்பார்த்த செய்திதான். ஒரகடத்தில் இறங்கியதும் லைனில் எல்லோருக்கும் சொன்னேன்.

கஸ்தூரி அக்காவை நம் கம்பெனியின் வயரிங் லைனில் அறியாதவர் இல்லை. பதினெட்டு வருடம் தரப் பரிசோதனையில் நின்றவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. தம்பி பாஸ்கர், அவன் மனைவி மேகலா இருவரோடும் குன்றத்தூர்ப் பக்கம் சொந்த வீட்டில் இருந்தார். அந்த வீட்டின் கதை உங்களில் பலருக்குத் தெரியாது. பாஸ்கரை 'அவர்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

அவனுக்குக் கான்ட்ராக்ட் வேலை. அந்தச் சம்பளத்துக்கு வங்கி கடன் தரவில்லை. அதனால் நிரந்தர வேலையில் இருந்த அக்காவையும் கடனில் சேர்த்தான். மேகலாவின் நகைகள் முன்பணத்துக்குப் போயின. பத்திரம் அக்கா, தம்பி இருவர் பேரிலும் இருப்பதாகச் சொன்னான். தவணையில் பாதி அக்காவின் சம்பளத்திலிருந்து போனது.

அந்த வருடம் வருமான வரிச் சலுகை கேட்டு அக்கா கணக்குப் பிரிவுக்குப் போனபோது நானும் உடன் இருந்தேன். "பத்திரத்துல உங்க பேரே இல்லையேம்மா. கடன் கட்டினா மட்டும் போதாது, வீட்லயும் பங்கு இருக்கணும்" என்றார் அங்கிருந்தவர். அன்று மாலை அக்கா தம்பியிடம் கேட்டார். "உன் பேரு எதுக்குக்கா? நீ இன்னா புள்ள குட்டியா வச்சிகினு கீற?" என்றானாம்.

மறுநாள் கேன்டீனில் இதைச் சொல்லிவிட்டு, "நான் அழல. ஞாபகம் மட்டும் வச்சிகினேன்" என்றார் அக்கா.

மூன்று வருடம் கழித்து மாடி கட்ட அவனுக்குக் கூடுதல் கடன் தேவைப்பட்டது. அதற்கு அக்காவின் கையெழுத்து வேண்டும். "பாதி வூட்ட என் பேருக்கு எழுது. அப்பால பேனாவ எடுக்கறேன்" என்றார். அவன் கத்தினான், உறவினர்களைக் கூட்டிவந்தான், இரண்டு மாதம் பேசாமல் இருந்தான். கடைசியில் வங்கியின் சம்மதம் வாங்கி, பதிவு அலுவலகத்துக்கு வந்தான். நான் சாட்சி. அக்கா ஒவ்வொரு பக்கமாக நிதானமாகப் படித்தார். "கையெழுத்த ஒழுங்கா போடு பாஸ்கரு" என்றார்.

நோய் வந்தபின் அவன் அன்பானவன் ஆகிவிட்டான். தினமும் மாதுளை ஜூஸ். ஒருநாள் அதைக் குடித்துக்கொண்டே அக்கா சொன்னார்: "எதுவும் எழுதாம நான் செத்தா என் பாதி அவனுக்குத்தான் போவுமாம். வக்கீலு சொன்னாரு. அதான் இந்த ஜூஸு." அடுத்த வாரமே தன் பாதியை மேகலா பேருக்கு உயில் எழுதிப் பதிவு செய்தார். "அவ நகையும் அந்த வூட்லதான கீது" என்றார்.

காரியம் முடிந்த அன்று உறவினர் எல்லோர் முன்னாலும் அந்த உயிலை நான்தான் படித்தேன். வேண்டுமென்றே மெதுவாகப் படித்தேன். பாஸ்கரின் முகம் வெளுத்தது. மேகலாவைப் பார்த்து, "நாளைக்கே என் பேருக்கு மாத்திக் குடுத்துரு" என்றான்.

அவள் காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "யோசிச்சிச் சொல்றேன்" என்றாள்.

போன வாரம் நம் லைனில் ஒரு பெண், அண்ணனோடு சேர்ந்து வீட்டுக்கடன் வாங்கப்போவதாகச் சொன்னாள். அரைநாள் லீவு போட்டு அவளோடு போய், இன்னும் பதிவாகாத பத்திரத்தின் நகலை வாங்கிப் படித்தேன். அவள் பெயர் இல்லை. பணம் கட்டுவதற்கு முன் அதைச் சேர்க்க வைத்தோம். அந்த அண்ணன் என்னை முறைத்தான். நானும் கண்ணை எடுக்கவில்லை. அப்போது எனக்குள் வந்த சந்தோஷம் கஸ்தூரி அக்காவுடையது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.